சைலன்சர் தரும் பவர் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் மலைப்பாதைக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். என்னிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. வேலை கிடைத்ததும் அப்பா வாங்கிக் கொடுத்தது. போன மாதம் மனைவியோடு வால்பாறை போனபோது, ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் வண்டி திணறிவிட்டது. புகை தடையில்லாமல் போகும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், காற்றைக் கூடுதலாக விடும் பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர், பெட்ரோல் அளவை மாற்றும் ஒரு ட்யூனிங் பாக்ஸ் போட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்கிறார்கள் நண்பர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டால் இன்னும் கூடுமாம். இதெல்லாம் வேண்டாம், விற்றுவிட்டு இன்டர்செப்டர் 650 எடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. எது சரி? இரிடியம் ஸ்பார்க் ப்ளக், பிரீமியம் பெட்ரோல் உதவுமா?

க., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் இன்ஜினுக்கு ப்ளக்காலோ பெட்ரோலாலோ பவர் கூடாது. விடுங்கள்.

சைலன்சரை மாற்றினால் பவர் வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் நண்பர்கள் அதை யாரிடம் கேட்டிருப்பார்கள்? ஒரு மாமாவிடம், ஒரு சித்தப்பாவிடம், தெருமுனை மெக்கானிக்கிடம். அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஓட்டியது, பிரித்தது, மாட்டியது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் பாடத்தைத்தான் இன்னும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த வண்டிக்கு அது உண்மை. அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வரும் வழியும் புகை வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். புதிதாக வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடும். சைலன்சரின் உள்வயிறு அகன்று பின் குறுகுவது இதற்காகத்தான். குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பியோடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அங்கே சைலன்சர் இன்ஜினின் ஓர் உறுப்பு. இன்னொரு டூ ஸ்ட்ரோக்கான ராஜ்தூத் 350ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹை டார்க், லோ டார்க், அதாவது இழுவை கூடியது, குறைந்தது என்று இரண்டு வகை வந்தது. இரண்டும் அதே 347 சிசிதான். ஒன்று 30.5 குதிரைத்திறன், மற்றது 27. மைலேஜுக்காகப் புகை போகும் வழியை நெருக்கியதில்தான் பெரும்பாலும் அந்த வித்தியாசம் வந்தது.

ஆனால் அங்கேயும் அதற்கு ஒரு விலை இருந்தது. என் அண்ணன் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தான். ஒரு மெக்கானிக் சைலன்சரின் உள்தடுப்பை உருவிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிட்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் மெயின் ஜெட்டை மட்டும் தொடவில்லை. காற்று கூடியது, பெட்ரோல் அதே அளவு. வண்டி பறந்தது, உண்மைதான். கலவை மெலிந்தால் சூடு ஏறும் என்பது அண்ணனுக்குத் தெரியாது. மேட்டுப்பாளையம் சாலையில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது சத்தம் பட்டென்று செத்துவிட்டது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லை, கால் சும்மா கீழே போனது. லேத் பட்டறையில் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். பிஸ்டன் தலையின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. விளிம்பில் அலுமினியம் பாகு போல உருகி வழிந்து உறைந்திருந்தது. பட்டறைக்காரர் ப்ளக்கைத் தனியே எடுத்துக் காட்டினார். பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் முனை சுத்த வெள்ளையாக இருந்தது. "இதை ஒரு தடவை கழட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேப்பா" என்றார். திட்டவில்லை. அண்ணன் அழுதுவிட்டான்.

அதனால்தான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காற்றைக் கூட்டினால் பெட்ரோலைக் கூட்டியாக வேண்டும். உங்கள் வண்டியில் கார்புரேட்டர் இல்லை, ஜெட் இல்லை. எவ்வளவு பெட்ரோல் என்பதை ஈசியு என்ற சின்னக் கணினி முடிவு செய்கிறது. கம்பெனி சைலன்சரையும் ஃபில்டரையும் கணக்கில் வைத்து எழுதப்பட்ட அட்டவணை அதற்குள் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஓர் எல்லைவரை திருத்திக்கொள்ளும், எல்லை தாண்டினால் திருத்தாது. பவரை அளக்கும் டைனோ மேடையில் வண்டியை ஏற்றி அளந்து பார்க்காமல் "பாக்ஸ் போட்டாச்சு, எல்லாம் சரியாகும்" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் என்ன கிடைக்கும்? உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். 349 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 6,100 சுற்று சுற்றினால் அந்த நிமிடத்தில் ஏறத்தாழ 1,060 லிட்டர் காற்று. இது அதன் கொள்ளளவு, உள்ளே போவது இதைவிடக் குறைவு. நீங்கள் மீட்கப்போவது அந்தக் குறையில் ஒரு பகுதியைத்தான். 20 குதிரைத்திறனில் ஒன்றோ இரண்டோ கூடும், அதுவும் உச்ச சுற்றில். கொண்டை ஊசி வளைவிலிருந்து வண்டி எழும்பும் சுற்றில் ஒன்றும் தெரியாது. சில சைலன்சர்கள் அங்கே இருக்கும் இழுவையையும் குறைத்துவிடும். சத்தம் மட்டும் எல்லா சுற்றிலும் கூடும். காது அதைப் பவர் என்று எடுத்துக்கொள்கிறது.

சிசி, அதாவது இன்ஜினின் கொள்ளளவு, கூடினால் என்ன ஆகும் என்பதற்கு, அதே கம்பெனி 2020 வரை விற்ற கிளாசிக் 500ஐ அன்றைய 350 பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 90 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டமான போர் மட்டும் 70க்குப் பதில் 84. சிசி 346இலிருந்து 499 ஆயிற்று, இழுவையைத் தரும் முறுக்குவிசை 28இலிருந்து 41 நியூட்டன் மீட்டர் ஆயிற்று. சிசி கூடிய விகிதத்திலேயே கிட்டத்தட்ட இழுவையும் கூடியிருக்கிறது. நீங்கள் கேட்கும் 650இல் 648 சிசி, 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர். எடை இருபது கிலோ சொச்சம்தான் அதிகம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பற்றிக் கேட்டது எனக்குக் கோபம் தருகிறது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் அடக்குவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். கழற்றி எறிந்தால் அது யார் நெஞ்சுக்குள் போகும்? சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கும் ஸ்கூட்டரில், அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை இருக்கிறது. திருப்பூரில் இருந்துகொண்டு, சாயக்கழிவில் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று பார்த்த பிறகும் இப்படிக் கேட்கலாமா? சட்டமும் இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இனி வால்பாறை. உங்கள் வண்டி தன் உச்ச இழுவையான 27 நியூட்டன் மீட்டரைத் தருவது 4,000 சுற்றில். மூன்றாம் கியரிலேயே வளைவுக்குள் போய், வேகம் செத்த பிறகு முறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். வளைவுக்கு முன்பே இரண்டுக்கு இறங்கிவிடுங்கள், இன்ஜின் கொஞ்சம் கத்தட்டும். கிளாசிக்கில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதால்தான் பழக வேண்டும். கிளம்பும் முன் செயின் தளர்வையும், இருவர் ஏறும் எடைக்கு டயர் காற்றையும் பாருங்கள்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் 650க்குப் பணம் சேருங்கள். சைலன்சருக்கு எடுத்து வைத்ததை அதில் போடுங்கள். அப்பா வாங்கிக் கொடுத்ததை விற்பதா என்பதை என்னிடம் கேட்காதீர்கள், அவரிடம் கேளுங்கள்.