பௌதிகவியல் படித்தால் டியூசன் மட்டும்தானா? ஹட்டனிலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

அம்மா, மகளுக்குப் பேராதனை விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. பொறியியல் தவறிப்போன கவலையில், "பௌதிகவியல் படித்து டியூசன்தானே கொடுக்கப் போகிறாள்?" என்று கேட்கிறீர்கள். கற்பிப்பது குறைந்த தொழில் அல்ல. தோட்டப்புறப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அது ஒன்றே வழி என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம்.

ஆய்வில் நாட்டம் இருந்தால், கண்டியில் படிப்பதே ஒரு வசதி. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்பவர்கள் கொடுப்பனவு பெற்றுக்கொண்டே, பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் எம்.பில். போன்ற ஆய்வுப் பட்டங்களுக்குப் பதிந்து படிக்கிறார்கள். வேலை ஓரிடம், பட்டம் இன்னோரிடம்.

ஓர் உதாரணம்: அந்த நிறுவகத்தில் ஆய்வு செய்த பேராசிரியர் எம்.ஏ.கே.எல். திசாநாயக்கவின் குழு, சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு பல வருடங்கள் சேர்ந்து, வெயிலை மின்சாரமாக்கும் சூரியக்கலங்கள் பற்றி ஆய்வு செய்தது. அதில் ஒரு வகை, சாயச் சூரியக்கலம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். கண்ணாடித் துண்டில் டைட்டானியம் டைஒட்சைட்டுப் பசையைப் பூசி, சுமார் 450 பாகை செல்சியசில் சுட்டு, சாயத்தில் ஊறவைப்பார்கள். சுவர்ப் பெயின்ட்டுக்கு வெள்ளை தருகிற பொருள்தான் அந்த டைட்டானியம் டைஒட்சைட்டு. இவ்வளவையும் கண்டியிலேயே செய்யலாம். நுணுக்கமாக அளக்கும் கருவிகள்தான் விலை கூடியவை, எல்லா ஆய்வுகூடத்திலும் இருக்காது. அதனால் மாணவர் இங்கே பதிந்துவிட்டு, சில மாதங்கள் சுவீடனுக்குப் போய் அளந்துவிட்டு, திரும்பி வந்து இங்கேயே ஆய்வேட்டை முடிப்பார். 'சான்ட்விச்' முறை என்பார்கள். 1961இல் தொடங்கிய, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துச் சர்வதேச விஞ்ஞானத் திட்டம் இப்படிப்பட்ட பயணங்களுக்கு உதவி வந்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு உடன்படிக்கை என்று கைகுலுக்கும் படங்கள் நிறைய வரும். பாதி அந்தப் படத்தோடு சரி. மகள் மூன்றாம் வருடத்தில் ஆய்வு வழிகாட்டியைத் தேடும்போது, அந்த விரிவுரையாளரின் அண்மைக் கட்டுரைகளை எடுத்துப் பார்க்கட்டும். வெளி நிறுவனத்தார் பெயரோடு மாணவர் பெயரும் இருக்கிறதா? அங்கே போய் வந்த அக்கா, அண்ணாமாரிடம் பயணச் செலவை யார் கொடுத்தார்கள், எத்தனை மாதம் தங்கினார்கள் என்றும் கேட்கட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதிய பிள்ளை என்றால் முதல் வருடம் ஆங்கிலம் திணறடிக்கும். அந்தத் திணறலில் புள்ளிகளைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. நான்கு வருடப் பட்டத்துக்குத் தெரிவாவது அந்தப் புள்ளிகளில்தான் தங்கியிருக்கிறது, இறுதி வருட ஆய்வும் அந்தப் பட்டத்தில்தான் வரும்.