1963 மாஸ்கோ கதை: பாட்டி மாட்சா வாங்கும் காட்சி பற்றி

வணக்கம். பாட்டி பாஸ்கா என்ற யூதப் பண்டிகைக்குக் கடையில் மாட்சா (புளிக்காத மாவில் சுடும் தட்டையான ரொட்டி) வாங்குவதாகவும், யூதர்களின் ஜெப ஆலயம் பூட்டிக்கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், சரியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையுமே மாற்றிவிடுங்கள்.

மாஸ்கோவின் ஆர்கிபோவ் தெருவில் இருந்த பெரிய ஜெப ஆலயம் சோவியத் காலம் முழுக்கத் திறந்தேதான் இருந்தது. ஆனால் உள்ளே வருகிறவர்களைக் கண்காணிக்க ஆள் இருக்கும். அதனால் வேலையை இழக்க வேண்டியிருக்குமே என்று இளையவர்கள் தயங்குவார்கள். பாட்டி போகலாம், மகன் வாசலோடு நின்றுவிடுவான். சிம்ஹாத் தோரா (தோரா என்ற வேதநூலை வாசித்து முடிப்பதைக் கொண்டாடும் யூதத் திருநாள்) இரவு மட்டும் விதிவிலக்கு. அறுபதுகளில் அன்றைக்கு இளைஞர்கள் தெருவை அடைத்து நின்று பாடி ஆடினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, முடிந்தால் கதையில் சேருங்கள்.

மாட்சா விஷயம்தான் முக்கியம். 1962-இல் அரசு ரொட்டி ஆலைகள் அதைச் சுடுவதை நிறுத்திவிட்டன. 1963 ஜூலையில், மாட்சா சுட்டு விற்றதற்காகச் சிலர் மீது மாஸ்கோவில் 'கொள்ளை லாபம்' என்று வழக்கே நடந்தது. ஆகவே பாட்டி வீட்டில் சுடட்டும். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, சுட்டு முடித்தாக வேண்டும். தாண்டினால் புளித்த கணக்கு. பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் சமையலறை என்றால், பக்கத்து வீட்டம்மா எழுந்து வருவதற்குள் வேலை முடிய வேண்டும்.

அப்புறம், பேரனுக்கு எபிரேயம் கற்பிக்கும் காட்சியைக் கதவைச் சாத்திய அறைக்குள் வையுங்கள். பிள்ளைகளுக்கு மத வகுப்பு நடத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை.