திங்கட்கிழமைத் தட்டை

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்து நஷ்டப்பட்டேன். பிறகு ஏற்காட்டில் தட்டுவடை செட் கடை போட்டு ஆறே மாதத்தில் மூடினேன். 3,000 ரூபாய் கட்டிப் போன பயிற்சி வகுப்பில், ‘தோல்வியைக் கட்டித் தழுவு, யாரும் யோசிக்காததை யோசி’ என்றார்கள். அடுத்த தொழிலுக்கு நகை கேட்டால் மனைவி மறுக்கிறார். அவருக்குப் புதுமை புரியவில்லை. நான் எதில் இறங்கலாம்?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: உங்கள் மனைவிக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வகுப்புக்குக் கட்டிய பணம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். கடை ஏன் படுத்தது என்று ஒரு வரி இல்லை. தோல்வியை நீங்கள் தழுவவில்லை ஐயா, அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்திருக்கிறீர்கள்.

ஏற்காட்டில் பனி இறங்கினால் தீப்பெட்டியே நமுத்துப் போகும். தட்டை எந்த மூலைக்கு? இரண்டு தட்டைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் என்று என்னதான் அடைத்தாலும், கடிக்கும்போது ‘மொறுக்’ என்று கேட்காவிட்டால் சேலத்துக்காரன் அதைத் தொடுவானா? தட்டையை எதில் போட்டு வைத்தீர்கள்? மலைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை சரக்கு ஏற்றினீர்கள்? சனி, ஞாயிறு கூட்டம் இறங்கிப் போன பிறகு மிச்சத்தை என்ன செய்தீர்கள்?

புதுமை என்றதும் வானத்தைப் பார்க்கிறீர்கள். நம் ஊர் ஜவ்வரிசி எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றது. சேலம் மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரி. கொள்முதலுக்காகக் கேரளம் போய் வந்துகொண்டிருந்தவர். அங்கே, பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் பக்குவம் ஷாவுக்குத் தெரியும். 1943-ல் சேலத்தில் வேலை தொடங்கியது. கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, வடிகட்டி, மாவை உருட்டி, வறுத்து எடுத்தார்கள், எல்லாம் குடிசைத் தொழில் அளவில்தான். இயந்திரமெல்லாம் பின்னால் வந்தது. கருவாடு வாங்கப் போன இடத்தில் காதைத் திறந்து வைத்திருந்தார் செட்டியார். யாரும் எந்த வகுப்புக்கும் போகவில்லை. (போயிருந்தால் கருவாட்டுப் பணம் அதற்கே சரியாகியிருக்கும்.)

உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் தோற்றவன்தான். சிறுவர் இணைப்பு ஒன்று தொடங்கி ஒன்பது இதழோடு நிறுத்தினேன். திரும்பி வந்த கட்டுகள் மாடிப்படிக்கு அடியில் அடைந்து கிடந்தன. ‘நம் ஜனங்களுக்கு ரசனை போதாது’ என்று ஒரு வருஷம் பேசித் திரிந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருந்த ஏஜென்ட் ஒரே வார்த்தையில் முடித்தார்: “சார், பரீட்சை மாசத்துல கொண்டாந்து விட்டீங்க. எந்த அம்மா வாங்கித் தருவா?” அந்த யோசனை எனக்கு வரவில்லை. அவரிடம் கேட்கவும் தோன்றவில்லை. அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நகையைப் பெட்டியிலேயே விடுங்கள். அந்த ஆறு மாதக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மனைவியோடு உட்காருங்கள். கொலுசுப் பட்டறைக் கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில், திங்கட்கிழமைத் தட்டை என்ன ஆனது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.