மயஸ்தீனியா கிராவிஸ் இருப்பவர்களுக்கு நோயைவிட ஊர்ப் பேச்சுதான் பெரிய கஷ்டமா?

எனக்கு இது வந்து ஆறு வருஷம் ஆகிறது, அதனால் என் கதையையே சொல்கிறேன்.

நரம்பு அனுப்பும் தகவலைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே போய்த் தாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் தசைக்கு வேலை கொடுக்கக் கொடுக்க அது சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் மறுபடி தேறும். எல்லா வம்பும் இதனால்தான். காலையில் இரண்டு மாடி ஏறிப் போகிறவன் சாயங்காலம் இமையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால் யார் நம்புவார்கள்? "காலைல நல்லாத்தானே இருந்த" என்பதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மச்சினி கல்யாண வரவேற்பில் வந்தவர்களோடு மூன்று மணி நேரம் நின்று பேசியதில், எட்டு மணிக்கெல்லாம் நாக்கு குழறிக் கண்ணும் சொக்கிவிட்டது. மாமனார் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை தண்ணி போட்டிருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். வாழ்நாளில் சொட்டு தொட்டதில்லை நான்! போட்டோக்காரர் வேறு "சார், கொஞ்சம் சிரிங்க" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், உதட்டு ஓரம் மேலே ஏறவில்லை. ஆல்பத்தில் பார்த்தால் யாரையோ கடிக்கப் போகிறவன் மாதிரி நிற்கிறேன்.

அப்புறம் ஸ்டீராய்டு ஆரம்பித்து முகம் உப்பியதும், "நல்லா பூசினாப்ல இருக்கீங்க, உடம்பு தேறிடுச்சு போல!"

அமிதாப் பச்சனுக்கும் 1980களில் இதே நோய் வந்தது. அவர் பெயரைச் சொன்னால் மட்டும் ஆட்கள் சட்டென்று நம்புகிறார்கள், என்ன செய்ய.

நோயைவிடப் பேச்சுதான் பெரிது என்று நான் சொல்ல மாட்டேன், மூச்சுத் தசையைப் பிடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நோயை ஒளிக்க ஆரம்பித்தேன். போன வருஷம் காய்ச்சலுக்குப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனபோது, கூடவே பங்காளி ஒருவர் வந்திருந்ததால் வாயே திறக்கவில்லை. டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார். தசைச் சோர்வை இன்னும் மோசமாக்கக்கூடிய மருந்து அது. வீட்டுக்கு வந்ததும் மனைவி சீட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நரம்பு டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, "தொடாதீங்க" என்று உடனே போன் வந்தது. அன்றிலிருந்து நோயின் பெயரும் ஆகாத மருந்துகளும் எழுதிய அட்டை ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது, மருந்துக் கடையில் யார் பக்கத்தில் நின்றாலும் அதை எடுத்துக் காட்டிவிடுகிறேன்.