கேளுங்கள் சொல்கிறோம்: மாமா வீடு மட்டும் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு (23) கனடா நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. ஸ்காபரோவிலுள்ள என் தம்பி வீட்டுக்குப் போகிறான். இனி எல்லாம் மாமா பார்த்துக்கொள்வார்தானே?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முதல் மாதத்துக்கு மாமா வீடு பெரிய பலம், அம்மா. சமூகக் காப்பீட்டு எண் (வேலைக்கும் வரிக்கும் தேவையானது; இலவசம்தான், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்), ஒன்ராறியோ (ஸ்காபரோ இருக்கும் மாகாணம்) சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு மூன்றுக்கும் அவர் கூடப் போனால் அலைச்சல் குறையும்.

சிக்கல் வேலையில்தான் வரும். உறவினர் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள் செய்யும் வேலையே. அதிலும் கைக்காசுச் சம்பளம் என்றால் சம்பளச் சீட்டு இல்லை, வரிப் படிவம் இல்லை. நாளைக்கு அறை வாடகைக்குக் கேட்டாலும் காட்ட ஒன்றும் இராது. சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம் இங்கே உதவாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதினார்: புதிய வேலைத் தகவல் நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. ஆகவே பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம், கிரிக்கெட் குழு, நிரந்தர வதிவிடக்காரருக்கான இலவச ஆங்கில வகுப்பு என்று வெளியே போகட்டும். "வேலை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்காமல், "உங்கள் துறையில் என்ன சான்றிதழ் கேட்கிறார்கள்?" என்று கேட்டால் பதில் சொல்வார்கள்.

மகன் இங்கே வாகனம் ஓட்டுபவரா? அனுபவத்தை உறுதிப்படுத்தும் ஆங்கிலக் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புறப்படுமுன்பே எடுத்துக்கொள்ளட்டும். அந்த அனுபவம் கணக்கில் சேர்வதால் அங்கே சாரதிப் பரீட்சைக்கான காத்திருப்புக் குறையும்.