பழைய லோனை புது லோனுக்குள்ள தள்ளிட்டு கன்வர்டிபிள் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு வயசு 36. ஓபன் டாப் கார் ஓட்டணும்னு காலேஜ் நாள்ல இருந்தே ஆசை. இப்ப 2016 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 ஒண்ணு வந்திருக்கு, கூரை தானா மடியுற மாடல், புதுசுல இருந்த விலையில மூணுல ஒரு பங்கு தான் கேக்கறாங்க. என் இப்போதைய காருக்கு இன்னும் மூணு வருஷம் சொச்சம் லோன் பாக்கி. டீலர் பழைய காரை எடுத்துக்கறேன், மீதி லோனையும் புது லோன்லயே சேர்த்துடலாம், ஏழு வருஷம் போட்டா மாசம் கொஞ்சம் தான் கூட வரும்னு சொல்றார். போன ரெண்டு தடவை கார் மாத்தினப்பவும் இப்படித்தான் பண்ணினோம், பிரச்சனை எதுவும் வரல. மச்சான் உடனே டோக்கன் குடுத்துடுங்கன்னு நிக்கறான், வீட்டுக்காரம்மா வேண்டாங்கறாங்க. ரெண்டு வாரமா இதே யோசனை, தூக்கம் வரமாட்டேங்குது. வாங்கலாமா? இல்ல போர்ஷே பாக்ஸ்டர், மெர்சிடிஸ் எஸ்எல்கே மாதிரி வேற பாக்கணுமா?

பதில்: சர்வீஸ் ஹிஸ்டரி பாருங்க, விபத்துல அடிபட்டதான்னு செக் பண்ணுங்க, கையில அவசரத்துக்கு காசு வைங்க, இதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்கு தெரியணும்னு இல்ல. உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தினது ஒரே ஒரு வரி. "போன ரெண்டு தடவையும் இப்படித்தான் பண்ணினோம், பிரச்சனை வரல." சார், பிரச்சனை வந்துடுச்சு, ஒவ்வொரு தடவையும் அது அடுத்த லோனுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டதால உங்க கண்ணுக்கு தெரியல, அவ்வளவுதான். மூணு கார் ஓட்டியிருக்கீங்க, இதுவரைக்கும் ஒரு கார் லோனை கூட நீங்க முழுசா கட்டி முடிச்சதில்ல.

கணக்கு பார்த்துடலாம். உங்க மாச சம்பளத்தை 100ன்னு வெச்சுக்கிட்டு நீங்க அனுப்பின எல்லா நம்பரையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டேன், எல்லாம் தோராயம் தான். இப்ப லோன் பாக்கி 480. பழைய காருக்கு டீலர் குடுக்கறது 330. ஆக 150 துண்டு விழுது. இசட்4 விலை 900, கையில இருந்து நீங்க எதுவும் போடல, அப்ப புது லோன் 1050. அதாவது 900 பெறுமான காருக்கு முதல் நாளே 1050 கடன். அந்த கூடுதல் 150 எந்த காருக்கு? உங்க வாசல்லயே நிக்காத காருக்கு. 12 சதவீத வட்டியில ஏழு வருஷம் போட்டா அந்த 150க்கு மட்டும் நீங்க கட்டி முடிக்கறது 220க்கு மேல, ரெண்டு மாச சம்பளத்துக்கும் அதிகம்.

இனி மாச தவணை. 1050க்கு 84 மாசம், 12 சதவீதம்னா 18.5 வரும். இப்ப 15 கட்டறீங்க. டீலர் சொன்ன "கொஞ்சம் தான் கூட" அந்த மூணரை. இதைக் கேட்டதும் எல்லாரும் சரின்னு தலையாட்டிடறோம், ஏன்னா மாசம் எவ்வளவுன்னு மட்டும் தான் கேக்கறோம், மொத்தம் எவ்வளவு, எத்தனை வருஷம், முடியும்போது கார் என்ன பெறும்னு கேக்கறதே இல்ல. மொத்தமா நீங்க கட்டப்போறது 1550க்கு மேல, அதுல 500 வட்டி.

சரி, மூணு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு பாருங்க, ஏன்னா உங்க பழக்கப்படி அப்ப தான் அடுத்த காருக்கு கை அரிக்கும். லோன் பாக்கி அப்பவும் 700 இருக்கும். காரோட விலை பாதியாகிடும்னு வெச்சா 450. துண்டு 250. இப்ப 150, அப்ப 250. இது தானா அடைஞ்சிடாது, ஒவ்வொரு மாத்தலுக்கும் பெருசாகிட்டே போகும், ஒரு கட்டத்துல இதுக்கு மேல தரமாட்டேன்னு பேங்க்கே கையை விரிக்கும். ஏற்கனவே பழைய காருக்கு பேங்க் வட்டியும் கூட போடுது, வருஷமும் கம்மியா தான் தரும், உங்களுக்கு ஏழு வருஷம்னு ஒருத்தர் நீட்டறாருன்னா அதுல அவருக்கு என்ன லாபம்னு யோசிங்க.

இது தவணை மட்டும் தான். கார் செலவு இன்னும் வரல. செகண்ட் ஹேண்ட் லக்சுரி கார்ல எல்லாரும் சறுக்கறது இங்க தான், கார் விலை மூணுல ஒரு பங்கா இறங்கிடுச்சு, ஆனா அதோட ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கல, வேலை பாக்கற மெக்கானிக் கூலியும் இறங்கல. 2800 பெறுமான புது காருக்கு என்ன பிரேக் டிஸ்க்கோ, என்ன ஷாக் அப்சார்பரோ, அதே தான் இந்த 900 காருக்கும். அதனால நான் எப்பவும் வருஷ மெயின்டனன்ஸை வாங்கின விலையில போடமாட்டேன், புது விலையில 3 சதவீதம்னு போடுவேன். 2800க்கு அது வருஷம் 84, மாசம் 7. இன்சூரன்ஸ் ஒரு 3. மொத்தம் 28.5. இப்ப உங்க காருக்கு தவணை, சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 19 ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஆக மாசம் கூட வரப்போறது மூணரை இல்ல, கிட்டத்தட்ட 10.

அந்த 3 சதவீதம் பயமுறுத்த சொன்ன நம்பர் இல்ல. நீங்க பாக்கற இசட்4, 2009ல வந்து 2016 வரைக்கும் ஓடின ஈ89 தலைமுறை. ரெண்டு பீஸா மடியுற அலுமினிய கூரை, ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர், ஒவ்வொரு ஸ்டெப்பையும் பார்த்து சொல்ற சென்சார்கள், பூட் மூடி வரைக்கும் போற வயரிங். கூரை எங்க நிக்குதுன்னு சொல்ற ஒரு சின்ன சென்சார் போனாலும் கூரை பாதியில நின்னுடலாம். நாலு சிலிண்டர் மாடலா இருந்தா அது என்20 இன்ஜினா இருக்க வாய்ப்பு அதிகம், அதுல டைமிங் செயினை பிடிக்கற பிளாஸ்டிக் கைடு தேஞ்சு உடையறது பேர் போன பிரச்சனை, குறிப்பா முன்னாடி வந்ததுல. கைடு உடைஞ்சு செயின் விட்டுச்சுன்னா இன்ஜினே போகும். ஆறு சிலிண்டர் 35ஐ மாடல்னா ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் மாத்தியிருக்காங்களான்னு கேக்கணும்.

பாக்ஸ்டர் பத்தி கேட்டிருந்தீங்க. விலை மலிவா தெரியற பழைய பாக்ஸ்டர்கள் பெரும்பாலும் 2008க்கு முந்தினது, அதுல இன்ஜினுக்குள்ள ஒரு தண்டை தாங்கற ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, அது உடைஞ்சா இன்ஜின் முழுசா காலி. 2009 மாடல்ல இருந்து இன்ஜின் டிசைனே மாறிடுச்சு, அதனால தான் அது விலை கூட. எஸ்எல்கேயும் மடியுற உலோக கூரை தான், 2016ல எஸ்எல்சின்னு பேர் மாத்தி 2020ல நிறுத்திட்டாங்க, கூரை சம்பந்தமா இசட்4க்கு சொன்னது எல்லாம் அதுக்கும் பொருந்தும். பக்கத்துலயே 2001 வாக்குல வந்த மெர்சிடிஸோட பெரிய எஸ்எல் அடிமாட்டு விலைக்கு நிக்கும், மச்சான் அதையும் காட்டுவார், அதுல ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்னு ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருந்தா கிட்டவே போகாதீங்க. எது ரொம்ப விலை விழுந்திருக்கோ அதுல ரிப்பேர் எங்கயோ காத்துக்கிட்டு இருக்கு. ஆக காரை மாத்தினா உங்க கணக்கு மாறப்போறதில்ல.

டீலர் கூடவே ரெண்டு சமாச்சாரம் நீட்டியிருக்கார்னு எழுதியிருந்தீங்க. ஒண்ணு பலூன் லோன், மாச தவணை கம்மி, கடைசியில ஒரு பெரிய தொகை. பத்து வயசு காருக்கு கடைசியில அந்த தொகை பெறுமான்னு யாரும் உறுதி சொல்லமுடியாது, உங்க பழக்கம் இருக்கறவங்களுக்கு இது அடுத்த லோனுக்கு போடற சிவப்பு கம்பளம், தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு எக்ஸ்டெண்டட் வாரண்டி. அந்த பேப்பரை வாங்கி எதெல்லாம் சேராதுங்கற பக்கத்தை மட்டும் படிங்க. தேய்மானம் சேராதுன்னு இருக்கும், ஒரு கிளெய்முக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு இருக்கும், கன்வர்டிபிள்னா கூரை, சீல், ஹைட்ராலிக்ஸ் சேருமான்னு தனியா எழுத்துல கேளுங்க. கூரையே சேராத வாரண்டிய கூரைக்காக வாங்கற காருக்கு எதுக்கு போடணும்?

மச்சான் சொல்ற "இந்த மாதிரி கார் விலை ஏறும், இன்வெஸ்ட்மென்ட்" பேச்சையும் தயவு செஞ்சு விட்டுடுங்க. ரொம்ப கம்மியா செஞ்ச சில மாடல்களுக்கு அது நடக்குது, சாதாரண ஆட்டோமேடிக் இசட்4ஐ 12 சதவீத கடன்ல வாங்கி வெச்சு லாபம் பாக்கலாம்னு நினைக்காதீங்க. அவர் தவணை கட்டப்போறதில்ல, நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் தான் கட்டப்போறீங்க, இதுல அவங்க சொல்லுக்கு தான் மதிப்பு.

ஆசைய விட சொல்லல, எனக்கு அப்படி சொல்ற வழக்கம் இல்ல. மாசம் 10 கூட செலவு பண்ண நீங்க தயார்னு தானே கிளம்பினீங்க? அந்த 10ஐ இன்னைக்கே பழைய லோன் மேல போடுங்க. 15க்கு பதிலா 25 கட்டினா, 10 சதவீத வட்டிக்கு, 37 மாசத்துல முடிய வேண்டிய லோன் 21 மாசத்துல முடியுது. உங்க வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கார் முழுசா உங்க பேர்ல இருக்கும். அடுத்த 16 மாசம் அதே 25ஐ தனி அக்கவுண்ட்ல போடுங்க, 400 சேரும். பழைய கார் அப்ப 200 பெறும்னு வெச்சா கையில 600. அன்னைக்கு இதே இசட்4 கிடைச்சா 450க்கு கடனே இல்லாம வாங்கி, மீதி 150ஐ முதல் வருஷ ரிப்பேருக்குன்னு ஒதுக்கிடலாம். கொஞ்சம் புதுசா வேணும்னா மேல ஒரு சின்ன லோன், ரெண்டு வருஷத்துல முடியற மாதிரி. அதே மூணு வருஷம், அதே காசு. அந்த வழில 250 பள்ளம், இந்த வழில கையில 600.

அப்ப வாங்கும்போது கூரைய நாலஞ்சு தடவை திறந்து மூட சொல்லுங்க, இன்ஜின் சூடானப்பவும் ஒரு தடவை. பூட் கார்ப்பெட்டை தூக்கி ஈரமோ எண்ணெய் கசிவோ இருக்கான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319னா 2019ம் வருஷம் 23ம் வாரம் செஞ்சது, ட்ரெட் நல்லா இருந்தாலும் வயசான டயர்னா அந்த விலைய பேரத்துல கழிங்க. டீலருக்கு சம்பந்தமில்லாத மெக்கானிக்கை வெச்சு ஸ்கேன் பண்ண காசு குடுங்க, அதுக்கு மறுத்தா வந்த வழி திரும்பிடுங்க.

இப்ப செய்ய வேண்டியது டோக்கன் குடுக்கறது இல்ல. உங்க லோன் குடுத்த பேங்க்குக்கு எழுதி, இன்னைக்கு தேதிக்கு முழுசா முடிக்க எவ்வளவு ஆகும், பகுதியா முன்கூட்டி கட்டினா கட்டணம் உண்டா, அப்படி கட்டறது தவணைய குறைக்குமா இல்ல மாசத்தை குறைக்குமான்னு எழுத்துல வாங்குங்க. மாசத்தை குறைக்கணும்னு நீங்களே குறிப்பிட்டு சொல்லணும், சொல்லலைன்னா பேங்க் தவணைய குறைச்சுட்டு காலத்தை அப்படியே விட்டுடலாம். கட்டணம் எவ்வளவுன்னு தெரிஞ்சதும் எனக்கு எழுதுங்க, ஒவ்வொரு மாசமும் கட்டறதா இல்ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்து கட்டறதா எது லாபம்னு பார்த்து சொல்றேன்.