வீட்டுச் சேமிப்புக்கு 8 டிபி ஹார்டு டிஸ்க்: எதைப் பார்த்து வாங்குவது?

குடும்பப் படங்கள், வீடியோக்களுக்கு 8 டிபி டிஸ்க் ஒன்று போதுமா, எது நம்பகமானது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிராண்டுக்கு முன்னால், அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். டிஸ்க்கில் தரவை எழுதும் இரண்டு முறைகள் இவை. சிஎம்ஆரில் தடங்கள் (தரவு எழுதப்படும் வட்டக் கோடுகள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எழுதிவிட்டுப் படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அமைப்பு) போட்டால், ஒரு டிஸ்க்கை மாற்றிப் புதியதில் தரவை நிரப்பும்போது நாள்கணக்கில் இழுத்துவிடும். பெட்டியில் இதை எதிர்பார்க்காதீர்கள், மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் டேட்டாஷீட்டில் (தொழில்நுட்ப விவரத் தாள்) தேடுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலே தன் ரெட் வரிசையில் எஸ்எம்ஆர் இருப்பதை 2020-ல்தான் வெளிப்படையாகச் சொன்னது.

வாங்கியதும் படங்களை ஏற்றிவிடாதீர்கள். முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். அப்புறம் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் பட்டியல்) 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளின் மூல மதிப்பு (raw value) பூஜ்யமா என்று பாருங்கள்; பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளையும் பழுது என்று சந்தேகிக்கப்படும் பகுதிகளையும் அவை எண்ணுகின்றன. இல்லையென்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். (விண்டோஸ் 7.27 டிபி என்று காட்டுவது பழுதல்ல, கணக்கு வித்தியாசம்.)

சரி, ஒன்று போதுமா? போதாது. இரண்டு வாங்கி, ஒன்றில் நகலெடுத்துக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். இரண்டையும் ஒன்றின் நகல் மற்றொன்றாக ரெய்டில் இணைப்பது இதற்கு ஈடாகாது: கைதவறி அழித்த கோப்பு அங்கே இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் போய்விடும்.